எண்ணெய் தேய்த்த சாடி

யாராவது ஒரு பொருளை நம்பி ஒப்படைத்துவிட்டால் போதும், கிருசாந்திக்குச் சோறு இறங்காது. மாசியில் ஒக்லாந்தில் அடுத்த வீட்டுக் கொரியப் பெண்மணி மிசிஸ் மின், கணவரின் சத்திரசிகிச்சைக்காக அவரோடு இரண்டு மாதம் ஊருக்குப் போனபோது, தங்கள் வீட்டுப் பின்வளவில் நின்ற இரண்டு மண்சாடிகளை அவள் பொறுப்பில் விட்டுப் போனார்.

மகள் லோஜனா கைக்குழந்தையாக இருந்த காலத்தில் கிருசாந்திக்கு விமான நிலையச் சமையற்கூடத்தில் விடியற்காலை வேலை. மூன்று வருடம் அந்தப் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தவர் மிசிஸ் மின். அதற்குக் கைம்மாறு செய்ய இப்போதாவது ஒரு வழி பிறந்ததே என்று அவள் பூரித்துப் போயிருந்தாள்.

அந்தச் சாடிகளுக்குள் ஒரு புருசன் பெண்சாதிச் சண்டை இருந்தது. நெடுத்து, வாய் அகன்று நின்றது மிசிஸ் மின்னின் சியோல் பக்கத்துச் சாடி. அங்கே வெயில் குறைவு. கிடைக்கிற வெயில் உள்ளே இறங்க வாய் அகலமாக வேண்டுமாம். குண்டு வயிறும் சின்ன வாயுமாக இருந்தது மிஸ்டர் மின்னின் தெற்குப் பக்கத்து ஊர்ச் சாடி. அங்கே வெயில் கொளுத்தும், வாய் பெருத்தால் உள்ளது வற்றிவிடும். ஒக்லாந்து வெயிலுக்குத் தன்னுடையதுதான் தோது என்று அவர் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார். மனைவி நெட்டைச் சாடியில்தான் மூன்று வருடச் சோயா சோஸை ஊற வைத்திருந்தார். வெயிலுக்கு மூடியைத் திற, மழைக்கு மூடு என்பது கட்டளை. ஒக்லாந்தில் ஒரு காலைப் பொழுதுக்குள் வெயிலும் மழையும் எத்தனை தடவை வந்து போகும் என்று சொல்லவா வேண்டும்? கிருசாந்தி அடுப்புக்கும் வேலிக்குமாக ஓடித் தேய்ந்தாள்.

அவர்கள் போய் ஏழாம் கிழமை நெட்டைச் சாடியின் வெளிப்புறம் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. சாடி ஒழுகுகிறது என்று பதறிப்போனாள். புதுச் சட்டி கசியாமல் எண்ணெய் பூசிப் பழக்கத் தெரியாத யாழ்ப்பாணத்துப் பெண் உண்டா? உப்பைத் துடைத்து, நல்லெண்ணெயை ஊற்றி, மூன்று நாள் தேய்தேய் என்று தேய்த்தாள். பூப்பது நின்றது. சாடியும் மாப்பிள்ளை போல மினுங்கியது.

அவர்கள் திரும்புவதற்கு முதல் நாள் சோஸின் மேல் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அப்போதுதான் போனில் தேடிப் பார்க்கும் புத்தி வந்தது. அந்தச் சாடி மூச்சு விடுமாம். உப்புப் பூத்தால் நல்ல சாடி என்று கொண்டாடுவார்களாம். அதன் மூச்சை அடைத்தவள் இவள்.

கணவன் யசீகரன் சுலபமாகத் தீர்ப்புச் சொன்னான். "சுடுதண்ணியாலை கழுவிப்போட்டுப் பேசாமல் இரும். அவவுக்கு என்னெண்டு தெரியப்போகுது?"

"பிள்ளை விழுந்தாலும் காய்ச்சலெண்டாலும் அந்த மனிசி எனக்கு ஒண்டும் ஒளிச்சதில்லை. நான் ஒளிக்கமாட்டன்."

மறுநாள் மிசிஸ் மின்னைச் சாடியருகே கூட்டிப்போய், தெரிந்த ஆங்கிலத்தில் ஒன்று விடாமல் சொன்னாள். மிசிஸ் மின் பூஞ்சணத்தை அகப்பையால் வழித்து, ஒரு சொட்டு ருசி பார்த்தார். வடித்துக் காய்ச்சினால் பாதி தேறும், மீதி போனதுதான் என்றார். கிருசாந்திக்குத் தலை நிமிரவில்லை.

பிறகு, ஏன் எண்ணெய் பூசினாய் என்று கேட்டார். எங்கள் வீட்டுச் சட்டிகளுக்கு அப்படித்தான் செய்வோம் என்றாள் இவள்.

மிசிஸ் மின் மினுங்கிய சாடியைத் தடவிப் பார்த்தார். பின்னால் நின்ற மிஸ்டர் மின், நெட்டைச் சாடிக்கு வந்த கதியைப் பார்த்து, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடுத்த வீட்டுச் சாமான் என்றால் யாரும் மூடியைத் திறந்து மூடுவதோடு விட்டிருப்பார்கள்" என்றார் மிசிஸ் மின். "நீ உன் வீட்டுச் சாடி என்று நினைத்திருக்கிறாய். அடுத்த வருடம் நாங்கள் போகும்போதும் நீதான் பார்க்கவேண்டும். எண்ணெய் மட்டும் வேண்டாம்."

கைம்மாறு செய்யப் போனவள், முன்னிலும் பெரிய நன்றிக்கடனோடு, அந்த வளவிலேயே நின்று அழுதாள்.