பகலில் நிற்கும் வண்டுகள்

ஜன்னலுக்கும் சமையலறை வாசலுக்கும் நடுவே உமாசங்கர் நடந்துகொண்டிருந்தான். போகும்போது ஒரு 'டக்', திரும்பி வரும்போது ஒரு 'டக்'. மர அலமாரியின் காலடியில் ஒரு டைல் பெயர்ந்து ஆடியது. வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

பேகம்பேட் ஆபீஸில் இருக்க வேண்டிய நேரம். அமெரிக்காவில் ஏதோ ஒரு பாங்க் கவிழ்ந்ததில் பேகம்பேட்டில் ஒரு மாடியே காலியானது. அந்த மாடியில் அவன் நாற்காலியும் ஒன்று. அது நடந்தது ஜனவரியில். இப்போது ஏப்ரல்.

இன்னமும் தினமும் ஷேவ் செய்து, சட்டையை உள்ளே விட்டு, டிபன் பாக்ஸோடு மனைவி சுப்ரியா கூடவே இறங்குகிறான். அவள் தன் பூச்சி ஆராய்ச்சி லேப் பஸ்ஸில் ஏறியதும் செகந்திராபாத் நெட் சென்டருக்குப் போய் நாலைந்து கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போடுகிறான். பிறகு மாரேட்பள்ளி வீட்டுக்கே திரும்பி, சத்தமில்லாமல் கதவைத் திறந்து உள்ளே வந்துவிடுகிறான். உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கிறது. நடந்தால் கொஞ்சம் தேவலை.

அடுத்த வேலை கிடைத்ததும் சுப்ரியாவிடமும் அவள் அப்பாவிடமும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான். "கம்ப்யூட்டர் வேலை இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்குமா மாப்ளே?" என்று பெண் பார்க்கப் போனபோதே கேட்டவர் மாமனார் அனந்தகிருஷ்ணன். ரயில்வேயில் முப்பது வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ரிடையரானவர்.

அன்று சாயங்காலம் சுப்ரியா செருப்பைக் கழற்றுவதற்குள் கம்ப்யூட்டரைப் போட்டாள்.

"சங்கர், இங்க வா. இன்னிக்கும் அப்படியே வந்திருக்கு பாரு."

அலமாரி மேல் அவளுடைய கறுப்புப் பெட்டி. அதற்குள் ஒரு தட்டில் அரிசி வண்டுகள். மேலே இருட்டிலும் பார்க்கிற கேமரா. அது அனுப்பும் படத்தில் ஒவ்வொரு வண்டுக்கும் ஒரு நிறப்புள்ளி வைத்து, அது போகும் பாதையை நூல் மாதிரி வரைந்துகொண்டே போகும் மென்பொருள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து விட்டிருந்தார்கள். அதை இறக்கி, வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் ஓடும்படி திருத்திக் கொடுத்தவன் உமாசங்கர்தான்.

திரையில் நீளமாக ஒரு கோடு. ராத்திரி முழுக்க நிதானமாக ஓடிய கோடு, பகலில் வெட்டி வெட்டி நின்றது.

"பெட்டிக்குள்ள பொட்டு வெளிச்சம் கிடையாது. ஆனா பகல் ஏறினதும் நின்னு நின்னு நடக்குது. வெளிச்சமே இல்லாம இதுக்கு நேரம் தெரியுது சங்கர். வெள்ளிக்கிழமை கமிட்டில இதைத்தான் பேசப்போறேன். அவங்க தலையாட்டினா இன்னும் ரெண்டு வருஷம் ஃபெலோஷிப்."

"நடுவுல இந்த இடத்துல நிக்கவே இல்லையே?" என்று விரலை வைத்தான்.

"ஹவ், ஆமா, அது தினமும் வருது. ஒரு மணிக்கு மேல அரை மணி நேரம். அதுதான் ஏன்னு புரியல."

அவனுக்குப் புரிந்தது. அது அவன் டிபன் பாக்ஸைத் திறந்து, சுவரில் சாய்ந்து சாப்பிடும் நேரம்.

லேசாக அதிர்ந்தாலே காலை மடக்கிச் செத்தது மாதிரி கிடக்கும் வண்டு இது. அதனால்தானே பெட்டியை லேபில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "லேப்ல ஜெனரேட்டர், கதவு, ஆள் நடமாட்டம். நக்கோ, அங்க வேணாம். நம்ம வீட்ல பகல்ல ஈ காக்கா கிடையாது" என்று சொல்லித்தான் வைத்தாள். இருவரும் வீட்டில் இருக்கிற காலை, மாலை, சனி, ஞாயிறை எல்லாம் அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆளில்லாத பகலும் ஆள் தூங்கும் ராத்திரியும் மட்டும்தான் கணக்கு. அந்த ஆளில்லாத பகலில்தான் இவன் 'டக்', 'டக்' என்று நடந்திருக்கிறான்.

மறுநாள் அவன் நடக்கவில்லை. கட்டிலில் காலைக் கட்டிக்கொண்டு, மூச்சைக்கூட எண்ணி விட்டுக்கொண்டு கிடந்தான். சாயங்காலம் கோடு ராத்திரி மாதிரியே வழவழவென்று ஓடியிருந்தது.

சுப்ரியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் போட்ட சப்பாத்தி விறைத்துப்போனது.

"எல்லாம் போச்சா?" என்றாள். அவனைக் கேட்கவில்லை. திரையைக் கேட்டாள்.

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் அவன் செய்த காரியத்துக்கு அவனாலேயே பெயர் வைக்க முடியவில்லை. எழுந்து நடந்தான். வேண்டுமென்றே அந்த டைலை மிதித்து மிதித்து நடந்தான். அன்று மாலை சுப்ரியா பாயசம் வைத்தாள். அவன் ஒரு வாய் போட்டுவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தான்.

வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் அவனைக் கூப்பிட்டாள். அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் பேசிக்கொள்ளும் இணையக் குழுவில் அவள் ஒரு கேள்வி போட்டிருந்தாள். பிரேசிலிலிருந்து ஒருவர் பதில் எழுதியிருந்தார். எங்கள் வண்டுகளும் இதே ஜாதி, இதே இருட்டு, ஆனால் பகலில் நிற்கவில்லையே. உங்கள் அறையில் யாராவது நடக்கிறார்களா?

"பார்த்தியா நக்கலை," என்று சுப்ரியா சிரித்தாள். தட்தட்டென்று பதில் அடித்தாள். அடித்ததைப் படித்தும் காட்டினாள். "வீடு பூட்டியிருக்கிறது. என் கணவர் ஆபீஸில் இருக்கிறார். நான் உறுதியாகச் சொல்கிறேன்."

அவள் விரல் அனுப்பும் பட்டனுக்குப் போனது.

"அனுப்பாத," என்றான்.

"கைக்கு? ஏன்?"

"வண்டை இப்ப நேரா காட்டு. திரையில விடு."

"இப்ப வீட்ல ரெண்டு பேரும் இருக்கோம். இதெல்லாம் கணக்குல வராது."

"சும்மா விடேன்."

விட்டாள். புள்ளிகள் திரையில் ஊர்ந்தன. அவன் ஜன்னலுக்குப் போய் அங்கிருந்து நடந்தான். 'டக்'. புள்ளிகள் நின்றன. சமையலறை வாசலில் நின்று காத்திருந்தான். புள்ளிகள் ஒன்றொன்றாகக் கிளம்பின. திரும்பி நடந்தான். 'டக்'. நின்றன.

"அந்த டைல்," என்றாள் சுப்ரியா. "ஆள் நடந்தா நிக்கும்னுதான் எனக்கே தெரியுமே. அதுக்குத்தானே பகல்ல..."

நிறுத்தினாள். பழைய கோட்டைத் திறந்தாள். ஒரு மணிக்கு மேல் வரும் அந்த இடைவெளியில் சுட்டியை வைத்தாள். சமையலறை மேடையில் கழுவிக் கவிழ்த்திருந்த டிபன் பாக்ஸைத் திரும்பிப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"நீ பெட்டி வைக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து."

"ஆபீஸ்?"

"இல்ல. ஜனவரியோட சரி."

அவன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சுப்ரியா எழுந்து நடக்க ஆரம்பித்தாள். 'டக்'. புள்ளிகள் நின்றன. கிளம்பின. மறுபடி 'டக்'. நின்றன. அவள் எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் திரையிலேயே தெரிந்தது.

"நான் எல்லாம் போச்சான்னு உட்கார்ந்ததுக்கு மறுநாள் எனக்காக நடந்திருக்க," என்றாள் பின்னாலிருந்து. "பாயசம் வச்சேன் அதுக்கு."

மறுபடி ஒரு 'டக்'.

"ஊர் உலகத்துக்கே என் கணவர் ஆபீஸ்லன்னு எழுதிட்டேன். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தா போயிருக்கும்."

"அதான் சொன்னேன்."

"அதுக்காக மட்டும்தான் சொன்ன."

'டக்'. புள்ளிகள் நின்றன. பிறகு நிதானமாகக் கிளம்பி, நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருந்தன. அவள் எங்கோ நின்றுவிட்டாள். அவன் திரும்பவில்லை.

"நாளைக்கு கமிட்டில, வீட்ல ஆள் இருந்தது, இந்தக் கணக்கு செல்லாதுன்னு சொல்லப்போறேன். மூணு வாரம் டைம் கேப்பேன். குடுத்தா குடுக்கட்டும்." குரல் அவன் முதுகுக்கு வெகு அருகில் இருந்தது. "அப்பாகிட்ட நீயேதான் பேசணும். நான் பேச மாட்டேன்."

"சரி."

"நாளைலேர்ந்து டிபன் பாக்ஸ் தூக்கிட்டு எங்கயும் போக வேணாம். வீட்லயே இரு. ஆனா மூணு வாரமும் கட்டில்ல உட்கார்ந்து இரு சங்கர். காலைக் கீழ வைக்காத."

அவள் கை அவன் தோளுக்கு மேலாக நீண்டு, பிரேசில்காரருக்கு அடித்து வைத்திருந்த பதிலை எழுத்து எழுத்தாக அழிக்க ஆரம்பித்தது.