ஹாலுக்கு மெல்லிசு, படுக்கையறைக்குக் கனம்

சுரக்குடியில் சண்முகசுந்தரம் புது வீடு கட்டியபோது சன்னல் விஷயத்தில் மட்டும் ஒற்றைக் காலில் நின்றார். கொத்தனார் இளையபெருமாள், "இவ்ளோ பெரிய சன்னலா சார், இது வீடா கல்யாண மண்டபமா?" என்று கேட்டும் மசியவில்லை. தெருப்பக்கம், வயல்பக்கம், அடுப்படி என்று எல்லா இடத்திலும் ஆள் நுழைகிற அளவுக்குச் சன்னல் வைத்தார். ஊர்க்காரர்கள் காற்றுக்காக என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் மனைவி கல்யாணசுந்தரியும் அப்படித்தான் நினைத்தாள். அவருக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் எழுத்தர். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே நடந்த கண் முகாமில் டாக்டரம்மா அவரைத் தனியாக உட்கார வைத்து, கண்ணில் நீர் அழுத்தம் ஏறியிருக்கிறது, நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, உடனே புதுச்சேரிக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று சொன்னார். சண்முகசுந்தரமும் தலையை ஆட்டிவிட்டு வந்தார். ஆனால் அவர் கடக ராசி. ஏழரைச் சனி முடிய இன்னும் காலம் இருந்தது. ஏழரையில் உடம்பில் கத்தி படக் கூடாது என்பது அவர் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு.

சனீஸ்வரன் நேரில் வந்து ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று சொன்னாரா என்றால், சொல்லவில்லை. எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து ஜனங்கள் திருநள்ளாறு வருகிறார்கள், குளத்தில் முங்குகிறார்கள், ஊருக்குப் போய் அவரவர் பிழைப்பைப் பார்க்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கிற இந்த மனிதருக்குத்தான் பயம் எலும்புவரை இறங்கிவிட்டது. ஏழரையில் வீடு கட்டலாமா என்ற கேள்வி வந்தபோது மனையை மனைவி பெயருக்கு மாற்றி, அவள் ஜாதகத்தில் கட்டினார். கண்ணை அப்படி மனைவி பெயருக்கு மாற்ற வழியில்லை. பெயர்ச்சி முடியட்டும் என்று காத்திருந்தார்.

2009 செப்டம்பரில் சனி பெயர்ந்தது. இருவரும் திருநள்ளாற்றுக்குப் போய், கூட்டத்தில் இடிபட்டுக் குளித்து எள் தீபம் ஏற்றிவிட்டு வந்தார்கள். "இனிமே நமக்கு நல்ல காலந்தாங்க" என்றாள் கல்யாணசுந்தரி. அடுத்த வாரமே ஆபீஸ் வேலை என்று பொய் சொல்லிவிட்டு அவர் புதுச்சேரிக்குப் போனார். போனது போனதுதான் என்றார்கள். வலது கண் முடிந்துவிட்டது. இடது கண்ணில் மிச்சமிருப்பதைக் காப்பாற்ற சொட்டு மருந்து கொடுத்தார்கள், அதுவும் எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒரு சின்ன டாக்டர் மட்டும் ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் கல்யாணசுந்தரியும் கேட்பாள். அதனால் அவளிடம் சொல்லவில்லை. முதுகுவலி என்று சொல்லி ஸ்கூட்டரை நிறுத்தினார். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த நிலைமையில்தான் அவள் திரைச்சீலை வேண்டும் என்று ஆரம்பித்தாள்.

அவள் கேட்டதிலும் தப்பில்லை. "தெருவுல போறவன்லாம் நம்ம வீட்டுக் கொழம்பு என்னன்னு பாத்துட்டுப் போறான். சொந்த வீட்ல புடவை மாத்த எடமில்ல எனக்கு" என்றாள். கொஞ்ச நாள் போகட்டும் என்றார். காசு போகிறதே என்று பார்க்கிறார் என அவள் நினைத்தாள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு சனிக்கிழமை அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி நின்றதும் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று.

காரைக்கால் பாரதியார் வீதியில் பீர் மைதீனின் துணிக்கடை. மனிதர் பேச ஆரம்பித்தால் துணி தானாகவே விற்றுவிடும். "ஹாலுக்கு மெல்லிசா எடுங்க அக்கா. காத்தும் வரும், பகல்ல வெளிய உள்ளவங்களுக்கு உள்ள தெரியாது."

"ராத்திரி லைட்டப் போட்டா தெரியுமே" என்றாள் அவள்.

"அதுக்கு ரெண்டு பக்கமும் ஒரு கனத்த திரையை ஒதுக்கி வச்சுக்குங்க, சாயங்காலம் இழுத்து விட்டுக்கலாம். அடுப்படிக்கு முழு நீளம் வேணாம், அடுப்புக்கிட்ட துணி தொங்கக் கூடாது, சன்னலோட கீழ்ப்பாதிக்கு மட்டும் குட்டையா போடுங்க. படுக்கையறை எந்தப் பக்கம்?"

"மேக்க. மத்தியானம் ஆனா வெயில் உள்ள வந்து படுத்துக்குது."

"அப்ப இதப் பாருங்க. உள்பக்கம் தனித் துணி வச்சது. பட்டப்பகல்ல இழுத்து விட்டாலும் கும்மிருட்டா ஆக்கிடும்."

பீர் மைதீன் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். சண்முகசுந்தரம் துணியை விரலால் தடவியபடி, "வெளிச்சமே வராதா?" என்று கேட்டார்.

"ஒரு பொட்டு வராது அண்ணே."

"கொஞ்சம் வர்ற மாதிரி இல்லையா?"

"வெளிச்சம் வர்றதுக்கு எதுக்குங்க திரை?" என்றாள் கல்யாணசுந்தரி. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

பிறகு நிறம் பார்க்கிற கட்டம் வந்தது. அவள் இரண்டு துணியை விரித்துப் போட்டுவிட்டு, "எதுன்னு நீங்க சொல்லுங்க" என்றாள். அவருக்கு ஒரு நேரத்தில் உள்ளங்கை அகலம்தான் தெரியும், அதிலும் எல்லாம் அழுக்குத் தண்ணீரில் நனைத்த மாதிரி இருந்தது. அவள் கை எதன்மேல் அதிகம் தங்குகிறது என்று கவனித்தார். வளையல் சத்தம் ஒரு பக்கமே வந்துகொண்டிருந்தது. "நீ கையில வச்சிருக்கியே, அதுதான்" என்றார்.

அவள் குரலே மாறிவிட்டது. "கல்யாணம் ஆனதுலேருந்து இன்னிக்குத்தான் எனக்குப் புடிச்சது உங்களுக்கும் புடிச்சிருக்கு" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தார். அவளோ ஹாலில் திரை எப்படி விழும், பக்கத்து வீட்டுப் பங்கஜவல்லி வந்து பார்த்து என்ன சொல்லுவாள் என்று பேசிக்கொண்டே வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தவளிடம் எதைச் சொல்வது? அவளை ஏமாற்றுகிறோம் என்று அவருக்கு அழுகை வந்தது. சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

துணி தையற்கடையில் இருந்த நாட்களில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வீடு முழுக்க மங்கல். கதவு நிலையில் இரண்டு முறை இடித்துக்கொண்டார். சோற்றுத் தட்டு தெரியாமல் ரசத்தைக் கீழே விட்டார். மழை மூட்டம், வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வானம் வெளுத்தால் சரியாகிவிடும் என்று நம்பினார், பெயர்ச்சி முடிந்தால் சரியாகிவிடும் என்று நம்பிய அதே மனசால்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தச்சர் நவநீதன் வந்து சுவரில் துளை போட்டுக் கம்பி மாட்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தம் இடது கண்ணுக்குள் போய்க் குத்தியது. சண்முகசுந்தரம் படுக்கையறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். வளையங்களைக் கம்பியில் கோத்துப் பார்க்கிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் தூங்கிப்போனார்.

விழித்தபோது அறை இருண்டிருந்தது. பீர் மைதீன் சொன்ன அதே கும்மிருட்டு. நான் படுத்திருக்கும்போதே உள்ளே வந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்று அவருக்குக் கோபம் வந்தது. பல நாள் அடக்கிய கோபம், குரல் உயர்ந்துவிட்டது.

"சுந்தரி, இந்தத் திரைய எடு. மூச்சு முட்டுது எனக்கு."

அவள் வருகிற சத்தம் கேட்டது. வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எதங்க?"

"திரையத்தான். மேக்கால சன்னல்ல மாட்டிருக்கியே. ஒதுக்கி விடு, கொஞ்சம் வெளிச்சம் வரட்டும்."

ஹாலில் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"நவநீதன் இப்பத்தான் சாப்புடப் போனாரு" என்றாள் மெதுவாக. "கம்பி மட்டுந்தான் போட்டிருக்கு. திரை இன்னும் மாட்டலைங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "மழையா?"

"மழை விட்டு ரெண்டு நாளாவுது. நல்ல வெயிலு."

அவர் கையை முன்னால் நீட்டிக்கொண்டு சன்னல் பக்கம் நடந்தார். துணி எதுவும் தட்டுப்படவில்லை. சன்னல் கம்பிதான் கைக்குக் கிடைத்தது. அது வெயிலில் காய்ந்து சுட்டது. முகத்தை அதன் அருகில் கொண்டுபோனார். கன்னத்தில் வெயில் விழுந்தது. கண்ணுக்கு எதுவும் வரவில்லை.

"எத்தினி நாளா?" என்றாள் அவள்.

"ரெண்டு வருஷமா."

"கடையில அந்த நெறம் நல்லாருக்குன்னு சொன்னீங்களே."

"நீ எதைத் தொட்டியோ அதச் சொன்னேன்."

"ஏன் போவல? ரெண்டு வருஷமா டாக்டர்கிட்ட ஏன் போவல?"

"பெயர்ச்சி முடியட்டும்னு இருந்தேன்."

இப்படிச் சொல்லிக் கேட்கும்போது அது எவ்வளவு அற்பமான காரணம் என்று அவருக்கே உறைத்தது. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்த சத்தம் வந்தது. அதன்பின் அவள் அழுகிற சத்தம் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம். அவள் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் அவர் கையை நீட்டித் துழாவினார். அவள் கையோடு கொண்டுவந்து மடியில் வைத்திருந்த புதுத் திரைத்துணிதான் கையில் அகப்பட்டது.