ஏழாவது தூணை எப்படி வரைவது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒரு பல் மருத்துவமனையில் பிறந்தது. காத்திருந்த இடத்தில், சுவரில் ஒரு வட்ட வரைபடம்: பெரும்பாலான நோயாளிகளுக்குத் திருப்தியாம். மிச்சமிருந்த மெல்லிய துண்டில் நானும் போய் உட்கார்ந்துவிட்டால்? பல்வலியை மறந்து அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

2

'பாலங்களைப் பராமரிக்கும் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவளுக்கு ஒரே தம்பி. பள்ளி வேன் ஓட்டுகிறான். தினமும் அந்தப் பாலத்தின் மேலேதான்...'

வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே தம்பியைக் கொண்டுவந்தால் உங்களைப் பயமுறுத்துகிற மாதிரி ஆகும்.

'பாலத்துக்கு முப்பது தூண்கள். அதில் ஒன்று மட்டும்...'

இப்படித் தொடங்கினால் கொட்டாவி விடுவீர்கள். ஆனால் இரண்டுமே உண்மை.

3

வெள்ளம் வடிந்த பிறகு ஏழாவது தூண் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது, இரண்டு விரல் அகலம். [மூன்று என்று எழுதி அடித்துவிட்டேன். மூன்று என்றால் உடனே பாலத்தை மூடு என்பீர்கள்.] பாலத்தை மூடுவதா வேண்டாமா என்று சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம். வரைபடம் போடுகிறவள் அங்கே ஒரே ஒரு படம்தான் காட்டலாம்.

முதலில் வட்டம் போட்டாள். மொத்தத்தில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதை அது பளிச்சென்று சொல்லிவிடும். முழுக்கப் பச்சை, ஓரத்தில் ஏழாவது தூணுக்கு மெல்லிய கீற்றாகச் சிவப்பு. பார்த்தால் அப்பாடா என்றிருக்கிறது. பாலம் என்ன தேர்தலா, பெரும்பான்மை ஜெயிக்க? அழித்தாள்.

அடுத்து பட்டை வரைபடம். தூண்களை வரிசையாக நிறுத்தி உயரத்தை ஒப்பிட வசதி. ஆனால் பட்டை பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும், அடியை வெட்டினால் சின்ன வித்தியாசம்கூட மலையாகத் தெரியும். இதைச் சொல்லிச் சொல்லியே அலுவலகத்தில் 'பூஜ்யம்மா' என்று பேர் வாங்கியவள் அவள். யோக்கியமாகப் பூஜ்யத்தில் தொடங்கினாள். முப்பது பட்டையும் ஒரே உயரம். ஐயோ, ஏழாவது எது என்று அவளுக்கே எண்ணித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

கடைசியில் கோட்டு வரைபடம். நாள்போக்கில் ஒன்று எப்படி மாறுகிறது என்று காட்ட அதுதான் சரி, பூஜ்யத்தில் தொடங்கும் கட்டாயமும் இல்லை. அடியை வெட்டி அளவைச் சுருக்கினாள். கோடு கிணற்றில் குதிக்கிற மாதிரி இறங்கியது. அந்தப் படத்தையே எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள்.

4

[தலைமைப் பொறியாளரை முதலில் வில்லனாக எழுதியிருந்தேன். மாற்றிவிட்டேன். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.]

"என்ன பூஜ்யம்மா, எங்களையெல்லாம் அந்தத் திட்டு திட்டிட்டு நீங்களே அடிய வெட்டிட்டீங்க?"

"இது பட்டை இல்ல சார், கோடு. பூஜ்யத்துல இருந்து போட்டா ஒண்ணுமே தெரியாது."

"சரி. நடுவுல அளக்காத நாளெல்லாம் இருக்கே. புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்தா, விடாம இறங்குதுன்னுதானே தோணும்? ஒரு தடவை இறங்கி, அப்படியே நின்னும் போயிருக்கலாம்ல?"

"இருக்கலாம் சார்."

"மூடினா ஊரே சுத்திக்கிட்டுப் போகணும். மூடவா, வேணாமா?"

அப்போது பார்த்து அவள் போன் அடித்தது. தம்பி.

"அக்கா, கூப்பிடச் சொல்லியிருந்தியே? பாலத்துக்கு முன்னால ஓரமா நிறுத்தியிருக்கேன். வண்டி நிறைய புள்ளைங்க. சீக்கிரம் சொல்லு."

"போகாதடா! சுத்திப் போ!"

அறையே திரும்பிப் பார்த்தது.

"சரி சரி, ஏன் கத்துற? பின்னால வந்த பஸ்காரன் ஹாரன் அடிச்சுட்டு என்னைத் தாண்டிப் பாலத்துல ஏறுறான்."

போனை வைத்தாள். பொறியாளர் மெதுவாகக் கேட்டார்: "உங்க தம்பிய நிறுத்திட்டீங்க. ஊரை நிறுத்தவா?"

5

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் தூண் விழுகிறது. இன்னொன்றில் ஒன்றுமே ஆகாமல், எல்லோரும் சுற்றிப் போய் அவளைத் திட்டுகிறார்கள். இரண்டையும் கிழித்துவிட்டேன். கோட்டின் அடுத்த புள்ளியை நான் வைக்க மாட்டேன், அது இன்னும் அளக்கப்படவில்லை.

பாலத்தில் ஏறிய அந்தப் பேருந்தில் யார் இருக்கிறார்கள் என்றும் எழுதவில்லை. உங்கள் வீட்டு ஆள் யாராவது உண்டா? பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். ஊரை நிறுத்தவா என்று பொறியாளர் இன்னும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.