சுண்டுவிரலில் மின்னிய மீன்

அங்காளம்மாவின் வாய் சும்மா இருக்காது. இருந்திருந்தால், அவள் புருஷன் ரங்கன் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இப்படி உம்மென்று கிடப்பானா?

அன்றைக்கு அவளுடைய தம்பி துலுக்காணம் கோவளத்துக்கு வந்திருந்தான். சாப்பிட்டு முடித்ததும் ரங்கன் தன் கடல் கதையை எடுத்துவிட்டான். நெற்றி புடைத்த ஒரு மீன் எப்போதாவது தூண்டிலில் மாட்டுமாம். படகில் தூக்கிப் போட்டதும் அதன் உடம்பு பச்சையாகும், நீலமாகும், தங்கமாகும். உயிர் போகப் போக நிறமும் போய்விடுமாம். "கண்ணால பாக்கணும் மச்சான்" என்று சொல்லும்போது அவன் குரலே கம்மிவிட்டது.

"அட சீ! அந்த மீனத்தானே வருசக்கணக்கா தாம்பரத்துல கூறு போட்டு வித்துகினு கீறேன்? சாம்பல் கலர்ல கீது. சரக்கு உள்ள போனா உம்மச்சானுக்கு மீன் மேல சீரியல் பல்பு எரியும்" என்றாள் அங்காளம்மா.

துலுக்காணம் விழுந்து விழுந்து சிரித்தான். ரங்கன் எழுந்து வலையைப் பின்னப் போய்விட்டான். அதோடு சரி. போட்டதைத் தின்றான், போனான், வந்தான். கடல் கதையும் இல்லை, ஒரு சண்டையும் இல்லை. வீடே வெறிச்சென்று ஆகிவிட்டது. அவளுக்கு அழுகையாக வந்தது, ஆனால் இறங்கிப் போக மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை கூடை சீக்கிரமே காலியானது. சமாதானத்துக்கு ஒரு லுங்கி எடுக்கலாமென்று ரயிலேறிப் பல்லாவரம் சந்தைக்குப் போனாள். வழியில் ஃபேன்சி சாமான் விற்கும் பேபி கூப்பிட்டாள்.

"யக்கா, புது நகப் பாலீஷ். கலர் மாறும். கையக் குடு."

"மீன் கை, நாறும்மே."

"நாறட்டும். நகத்துலதானே வெக்கப் போறேன்?" என்று பேபி அவளுடைய இடதுகைச் சுண்டுவிரலை இழுத்துப் பூசிவிட்டாள்.

தார்ப்பாய் நிழலில் அது வெறும் சேற்று நிறமாக இருந்தது. "இதுக்கா இம்மா அலட்டல்?"

"வெயில்ல நீட்டிப் பாருக்கா."

நீட்டினாள். பச்சை! விரலைக் கொஞ்சம் சாய்த்தாள். நீலம்! இன்னும் சாய்த்தாள். நகம் முழுக்கத் தங்கம் ஓடியது. யம்மாடி! அங்காளம்மாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. செதிலும் குடலும் மட்டுமே கண்ட கையில் இப்படியும் ஒரு அழகு வந்து உட்காருமா? அடுத்த நொடியே அவளுக்கு உறைத்தது. பச்சை, நீலம், தங்கம். அந்த மனுசன் சொன்ன அதே வரிசை.

லுங்கியாவது ஒன்றாவது! காசைக் கொடுத்து பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினாள். பஸ்ஸில் வண்டலூர் தாண்டியும் விரலை ஜன்னலுக்கு வெளியே நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "கைய உள்ள இழும்மா, பேஜார் பண்ணாத!" என்று கண்டக்டர் கத்தியது அவள் காதிலேயே விழவில்லை.

கோவளம் மணலில் இன்னும் வெயில் மிச்சமிருந்தது. ரங்கன் படகோரம் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். அவன் மூக்குக்கு நேரே விரலை நீட்டினாள்.

"இதானாய்யா? அந்த மீனு, இந்தக் கலரா?"

அவன் முதலில் நிமிரவில்லை. பிறகு ஓரக்கண்ணால் பார்த்தான். வலை ஊசி கையிலிருந்து நழுவியது. அவள் விரலைப் பிடித்து மெதுவாகச் சாய்த்தான், மறுபடி சாய்த்தான்.

"இதேதாண்டி" என்றான். கண் கலங்கிவிட்டது. "அங்க கண்ணெதிர்லயே அணைஞ்சிடும். கரைக்குக் கொண்டாந்து ஒருத்தருக்கும் காட்ட முடியாது. இது அணையாம கீதே!"

"இத்தினி வருசமா இத்த நீ தனியாவா பாத்துகினு இருந்த?" அவள் அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். "நான் ஒரு கூறுகெட்டவ."

ரங்கன் விரலை விடவில்லை. நகத்தை வெயிலுக்குத் திருப்பி, "இது தூக்கிப் போட்ட ஒடனே... இது துள்ளுறப்போ... இப்ப பாரு, இதான் கடைசி" என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். வெயில் போகும்வரைக்கும் அங்காளம்மா வாயைத் திறக்கவே இல்லை.