முதல் ஐந்து டாங்க்

வினோதா சித்தி குடும்பத்தோடு பிரான்சுக்குப் போகும்போது, தன் மகன் வாங்கி ஒருநாளும் ஓட்டாத ரிமோட் காரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பேட்டரி கார் இல்லை, அதற்கென்றே விற்கும் எண்ணெயில் ஓடும் கார். கூடவே சீல் உடைக்காத எண்ணெய் டப்பா ஒன்று. "உனக்குத்தான் கவி. வேற யாருக்கும் குடுத்துடாத" என்றார்.

வீட்டில் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் பத்தாவதோடு நின்றவள். வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் தெரிந்ததும் வாயில் வராது. அதனால் என் விஷயத்தை மற்றவர்களே பேசி முடித்துவிடுவார்கள். முகிலன் அண்ணன் நெல்லித்தோப்பில் பைக் மெக்கானிக். "ஞாயித்துக்கெழம ஓட்டிப் பாக்குறேன். கெளம்பலன்னா சரத்குமாருக்குக் குடுத்துடுவேன். பார்ட்ஸுக்குக் கேக்குறான்" என்று சாப்பிட்டுக்கொண்டே முடிவு சொன்னான். சரத்குமார் அவன் கூட்டாளி, ரிமோட் கார் பைத்தியம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. நான்கு நாளும் காரோடு வந்த பிரெஞ்சு விளக்கப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். பள்ளியில் படித்த அரைகுறை பிரெஞ்சும் படங்களும் போதுமாக இருந்தன. அந்த டப்பா எண்ணெயைத் தவிர வேறெதுவும் ஊற்றக் கூடாது. புது இஞ்சின் என்பதால் முதல் ஐந்து டாங்க் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், புகை நிறைய வர வேண்டும். அதற்குள் விரட்டினால் பிஸ்டன் இறுகி இஞ்சின் போய்விடும். எல்லாவற்றையும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஞாயிறு காலை, மூலக்குளம் தாண்டி இருக்கும் காலி மனைக்குப் போனோம். சரத்குமாரின் பேட்டரி கார் அங்கே புழுதி கிளப்பிக்கொண்டிருந்தது. அண்ணனின் முதலாளி ஆதிமூலம் பைக்கில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்.

அண்ணன் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். அதில் பெட்ரோலோடு, பழைய ஸ்கூட்டர்களுக்கு ஊற்றும் டூ-டி ஆயிலைக் கலந்து கொண்டுவந்திருந்தான்.

"அண்ணா, இது பெட்ரோல்ல ஓடாது."

"டூ ஸ்ட்ரோக் இஞ்சின்தான? தெனம் பத்து வண்டி பிரிக்கிறேன், எனக்கே சொல்லித் தரியா?"

ஊற்றினான். ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான். சட்டை நனைந்ததே தவிர இஞ்சின் இருமக்கூட இல்லை.

"மச்சான், ஒரு சூடம் ஏத்து. சாமி வந்து கெளம்புதா பாப்போம்" என்றான் சரத்குமார்.

"செத்த வண்டிடா அது. தூக்கி அவன்கிட்ட குடு" என்றார் ஆதிமூலம்.

சரத்குமார் குனிந்து காரைத் தூக்கினான். நான் மறுமுனையைப் பிடித்தேன்.

"வுடு."

மூவரும் திரும்பினார்கள். நான் பிடியை விடவில்லை.

"இது எங்காரு. செத்துப் போவல. தப்பான எண்ணெய ஊத்தியிருக்கீங்க."

சரத்குமார் கையை எடுத்தான். காரைக் கவிழ்த்துப் பெட்ரோலை வடித்தேன். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுத்ததும் உள்ளே தேங்கியது தெறித்து வெளியே வந்தது. டப்பாவின் சீலை உடைத்துக் கொஞ்சம் ஊற்றிக் கழுவினேன். பிறகு பிளக்கைத் திரும்ப மாட்டி டாங்கை நிரப்பினேன். சக்கரம் தரையில் படாதபடி காரைச் செங்கல் மேல் வைத்தேன். பிளக்கைச் சூடாக்கக் காரோடு வந்திருந்த பேட்டரிக் குச்சியை அதன் தலையில் செருகி, சூடானதும் கயிற்றை இழுத்தேன். ஐந்தாவது இழுப்பில் அலறிக்கொண்டு கிளம்பியது. நீலப்புகை. விளக்கெண்ணெய் கருகும் வாசனை.

"அடிப்பாவி, சூப்பர் பாப்பா!" அண்ணன் துள்ளினான். "ரிமோட்டக் குடு. சரத்தோட ஒரு ரேஸ் வுட்டுடலாம்."

"மாட்டேன்."

"இன்னாது?"

"அஞ்சு டாங்க் மெதுவா ஓடணும். இது மொத டாங்க்."

"கொசு மருந்து அடிக்கிற வண்டி மாதிரி பொகைய வுடறதுக்கா கொண்டாந்த?" சரத்குமார் சிரித்தான். "தோத்துடுவோம்னு பயம்."

"இன்னைக்கு ஓட்டுனா தோத்துதான் போவேன். இஞ்சினும் போயிடும். அடுத்த ஞாயித்துக்கெழம வா. அப்பவும் நாந்தான் ஓட்டுவேன்."

அண்ணனின் கை நீண்டபடியே இருந்தது. முதலாளி முன்னால் அவன் முகம் சிறுத்துப்போனது எனக்குத் தெரிந்தது. ரிமோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். சரத்குமார் தன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஆதிமூலமும் பைக்கை உதைத்துக் கிளப்பினார்.

செங்கல் மேலேயே மெதுவாக ஓடி, டாங்க் தீர்ந்து இஞ்சின் நின்றது. அண்ணன் எண்ணெய் டப்பாவை எடுத்தான்.

"இப்ப ஊத்தாத. இஞ்சின் ஆறட்டும்" என்றேன்.

டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, செங்கல்லுக்கு அந்தப் பக்கம் குந்தினான்.