பதினொரு நிமிடம்

"யாதிராவுடன் பணியாற்றக் கிடைத்தது என் பெரும் பேறு" என்று தட்டச்சு செய்துவிட்டு, யாதிரா கின்டேரோ அதை உடனே அழித்தாள். மிலேனா அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. பெரும் பேறு என்று யாராவது சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஆனாலும் இது மிலேனாவின் கடிதம். எழுதுவது மட்டும்தான் யாதிரா.

சினிமாத் தொழிலில் அது வழக்கம்தான். அசாதாரணத் திறமை உள்ளவர் என்று நிரூபித்து அமெரிக்காவில் தங்க மனுப் போடுகிறவர், தன்னைப் புகழும் கடிதங்களைத் தானே எழுதி, கையெழுத்துக்கு மட்டும் ஆள் பிடிக்க வேண்டும். பெரிய மனிதர்களுக்கு எழுதத்தான் நேரம் இருக்காது. படத்தொகுப்பாளரான யாதிரா இதுவரை ஆறு பேராக மாறி எழுதிவிட்டாள். திரைவிழாத் தலைவராக இருந்தபோது கொஞ்சம் மிடுக்கு, பேராசிரியராக இருந்தபோது மூச்சு வாங்கும் நீள வாக்கியங்கள். ஆறு பேரும் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தார்கள். மொத்தமாகப் படித்துப் பார்த்தபோது அவளுக்கே அந்தப் பெண்மீது எரிச்சல் வந்தது.

குடியேற்ற அலுவலகம் அசையவில்லை. இவர் பணியாற்றிய படம் பரிசு வாங்கியது சரி, அதில் இவருடைய பங்கு என்ன, கூடுதல் சான்று தருக என்று பதில் வந்திருந்தது. அதற்கான கெடு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. மறுத்துவிட்டால், ஜூனில் விசாவும் தீர்ந்து, எட்டு வருட வாழ்க்கையை இரண்டு பெட்டிக்குள் திணித்துக்கொண்டு சொந்த ஊரான பொகோட்டாவுக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே அவளுக்காக யாரும் நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கவில்லை.

வக்கீல் கிளைன்மன் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார். "ரெண்டு பேரா சேந்து செஞ்சோம்னு எங்கயும் வரக்கூடாது மேடம். அப்புறம் அந்த இன்னொருத்தர் யாருன்னு கேப்பாங்க. நீங்க மட்டும்தான் செஞ்சீங்கன்னு, கூட இருந்த ஒருத்தரே எழுதிக் குடுத்தா அது தனி பலம்."

கூட இருந்தவள் மிலேனா ஒசோரியோ. அந்தப் படத்தில் ஒரு காட்சி: மக்தலேனா ஆற்றங்கரையில், வராத படகுக்காக ஒரு பெண் காத்திருக்கும் பதினொரு நிமிடம். வசனமே கிடையாது. எந்த விமர்சனத்தை எடுத்தாலும் அதைத்தான் பேசியது. யாதிரா அதை முதலில் நான்கு நிமிடமாக வெட்டியிருந்தாள். பின்னால் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மிலேனா, "வெட்டாதடி, அவ காத்திருக்கட்டும்" என்றாள். அந்தக் குரல் யாதிராவுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தும் எழுதினாள்: "இக்காட்சியை யாதிரா தனி ஒருவராகத் தொகுத்தார். நான் உதவியாளராக அருகிலிருந்து பார்த்தேன்." எழுதி முடித்ததும் எழுந்துபோய், கழுவிய பாத்திரங்களை இன்னொரு முறை கழுவினாள்.

ஞாயிறு மதியம் ரூஸ்வெல்ட் அவென்யூ ரொட்டிக்கடையில் சந்தித்தார்கள். மேலே பாலத்தில் ஏழாம் எண் ரயில் ஓடும் தெரு அது. ரயில் வந்தால் தெருவே பேச்சைப் பாதியில் நிறுத்தும், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மிலேனா ஸ்பானிய சேனல் ஒன்றில் விளம்பரங்கள் வெட்டும் வேலை முடிந்து வந்திருந்தாள். யாதிரா இரண்டு காப்பியும் சூடான சீஸ் ரொட்டியும் வாங்கி வைத்துவிட்டு, லேப்டாப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள்.

"கையெழுத்துதானே? பேனா குடு" என்றாள் மிலேனா. போன வருடம் ஒரு கடிதத்துக்குப் படிக்காமலே போட்டுக் கொடுத்தவள். யாதிரா அதைத்தான் நம்பி வந்திருந்தாள். ஆனால் மிலேனா பேனாவை வாங்கிக்கொண்டு படிக்கத் தொடங்கினாள்.

ரயில் வந்தது. எதுவும் சொல்ல முடியாது. மிலேனாவின் கண்கள் வரிவரியாக இறங்குவதை யாதிரா பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் காது சுட்டது. ரயில் இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக் கூடாதா என்றிருந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்க" என்றாள் மிலேனா. "நான் பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாத்தேனாக்கும்?"

"வக்கீல் அப்படித்தான்..."

"என் வக்கீலும் அப்படித்தான்டி சொன்னான்."

மிலேனா தன் பைக்குள் கையை விட்டாள். ஓரம் மடங்கிய ஒரு காகிதம் வெளியே வந்தது. கீழே கையெழுத்துக்கான கோட்டின் அடியில் யாதிராவின் பெயர் இருந்தது. மேலே: "அந்தப் பதினொரு நிமிடக் காட்சியை மிலேனா தனி ஒருவராகத் தொகுத்தார். நான் உடனிருந்தேன், அவ்வளவே."

"ஒரு மாசமா தூக்கிட்டு அலையறேன். உன் மூஞ்சியைப் பாத்துக் கேக்க வாய் வரல."

இருவரும் சிரித்தார்கள். யாதிராவுக்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. பிறகு அது தானாகவே நின்றது. இரண்டும் ஒரே அலுவலகத்துக்குப் போகும் காகிதங்கள்.

"நீ எப்ப மனுப் போடற?"

"மார்ச்ல. உனக்கு வெள்ளிக்கிழமைன்னு தெரியும்."

"இதுல நீ கையெழுத்துப் போட்டா, அப்புறம் உன்னுது..."

"செல்லாக் காசு. எனக்குத் தெரியாதா?" மிலேனா ரொட்டியைப் பிய்த்தாள், தின்னவில்லை. "நாலு நிமிஷத்துல மூட்டை கட்டினவ நீ. விடச் சொன்னவ நான்."

"விடச் சொன்ன. எதுவரைக்கும்னு சொன்னியா? இருபது நிமிஷம் விட்டிருந்தா தியேட்டரே தூங்கியிருக்கும். போதும்னு வெட்டினது யாரு?"

"நான்தான்" என்றாள் மிலேனா.

"வெட்டாத காட்சியைப் போட்டுப் பாத்துரலாமா? நீ வெட்டின இடத்துல நிறுத்து."

யாதிரா லேப்டாப்பைத் திறந்தாள். கடிதங்களை ஓரமாகத் தள்ளி, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். கரையில் அந்தப் பெண் கூடையை இறக்கி வைத்தாள். கூடைக் கோழி தலையை நீட்டியது. அவள் செருப்பு வாரை அவிழ்த்து மறுபடி கட்டினாள். ஆறு போய்க்கொண்டிருந்தது. நான்காவது நிமிடம் வந்தபோது மிலேனா ஓரக்கண்ணால் பார்த்தாள், யாதிரா திரும்பவில்லை. காப்பி ஆறியது. பத்து நிமிடம் தாண்டியதும் இருவருமே மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

அந்தப் பெண் நிமிர்ந்து, ஆற்றைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மேட்டுப் பாதையின் பக்கம் தலையைத் திருப்பத் தொடங்கினாள். திருப்பி முடிக்கவில்லை. விசைப்பலகையின் மேல் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் நீண்டு, ஒரே பொத்தானில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. படம் நின்றது.

மேலே ரயில் வந்தது. மேசை அதிர்ந்தது. பேனா கடிதங்களின் மேல் மெல்ல உருண்டு, இதிலிருந்து அதற்குப் போய், விளிம்பை நோக்கி நகர்ந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். பொத்தானிலிருந்து யாரும் கையை எடுக்கவில்லை.