மெயினுக்கு முன்னால் ஒரு ஒயர்

என் தம்பி கடப்பாரையால் குத்திக்கொண்டு வந்த மண்ணுக்குள், ஒரு சாண் ஆழத்தில், கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. அது என் வீட்டுக்காரருக்குத் தெரியும். எனக்கும் தம்பிக்கும் தெரியாது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை பொத்திவைத்திருக்க நான் ஒன்றும் அந்த மனுஷன் இல்லை.

நான் விடுதிகளின் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் துவைத்துக் கொடுக்கிறேன். இரண்டு பெரிய வாஷிங் மெஷின், துணி உலர்த்துகிற மெஷின் ஒன்று. மூன்றையும் வீட்டுக்குள் ஒன்றாக ஓட்டினால் பிரேக்கர் டப்பென்று விழுந்துவிடும். எல்லாவற்றையும் கொல்லைப்பக்கம் தனியாக நிற்கிற கார் ஷெட்டுக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஷெட்டில் கரண்ட் கிடையாது. கிடையாது என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில், இவரும் இவருடைய கூட்டாளி ஒருவரும் சேர்ந்து ஷெட்டுக்கு ஒரு ஒயர் இழுத்திருக்கிறார்கள். ஒரு ஃபேன், ஒரு சின்ன டிவி, ஒரு சாய்வு நாற்காலி. ஷெட் சாவி அவரிடம்தான் இருக்கும், நான் உள்ளே எட்டிப்பார்த்ததே இல்லை. கதவிடுக்கில் வெளிச்சம் தெரிகிறதே என்று ஒருநாள் கேட்டதற்கு, "பேட்டரி விளக்கு" என்றார். அந்த பேட்டரிக்கு எங்கே சார்ஜ் போடுகிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நானும் பெரிய புத்திசாலிதான்.

என்னிடம் சொன்னால் விடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். போர்டில் ஒவ்வொரு பிரேக்கருக்கும் நான் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். புதிதாக ஒரு ஒயர் அதில் தலைகாட்டினால் கண்டுபிடித்துவிடுவேன். அதனால் அந்த இரண்டு மேதாவிகளும் போர்டையே விட்டுவிட்டு, மெயின் ஸ்விட்சுக்கு முன்னால், மீட்டர் பக்கத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். மெயினை அணைத்தாலும் அந்த ஒயர் அணையாது. தம்பி எவ்வளவு ஜாக்கிரதையாகத் தோண்டினாலும் செத்திருப்பான்.

தம்பி எலக்ட்ரீஷியன். போன வாரம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டான்.

"மெயின் போர்டுல இதுக்குன்னு தனி பிரேக்கர். அங்கேருந்து மண்ணுக்குள்ள குழாய், குழாய்க்குள்ள கேபிள். ஷெட்டுல சின்னதா ஒரு போர்டு, உள்ள நுழைஞ்சதும் கைக்கு எட்டுற மாதிரி ஒரு ஸ்விட்ச். ஈரத்துல நின்னு வேலை பாக்குற இடம்க்கா, எர்த்து சரியா இருக்கணும்."

"நேரா கொண்டுபோயிடலாம்ல?" என்றேன்.

"நேராத்தான்."

"சுவரை ஒட்டிச் சுத்திக் கொண்டுபோனா என்ன மாப்ள?" என்றார் இவர். "அழகா இருக்கும்."

"மண்ணுக்குள்ள போறதுக்கு என்னங்க அழகு?"

"இல்ல, நாளைக்கு அங்க செடி கிடி வைக்கணும்னா இடைஞ்சலா இருக்குமேன்னு."

கல்யாணமான நாளிலிருந்து ஒரு செடிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றாதவர். நான் முறைத்தேன்.

"சுத்திப் போனா நீளம் கூடும் மாமா. அக்கா மெஷின் இழுக்குற இழுப்புக்கு இன்னும் தடிமனா கேபிள் போடணும்," என்ற தம்பி, பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். "மண்ணுக்குள்ள பழைய ஒயர், தண்ணிக்குழாய் ஏதாவது போகுதா? போனா இப்பவே சொல்லிடுங்க."

இவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது," என்றேன் நான். எங்கள் வீட்டில் யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்வது நான்தான்.

இன்று காலை தம்பி மெயினை அணைத்தான். போர்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு ஷெட் பக்கமிருந்து தோண்ட ஆரம்பித்தான். நான் துவைத்து ஊற்றிய தண்ணீரில் கொல்லை எப்போதும் சொதசொதவென்றுதான் இருக்கும். செருப்பு சேற்றில் சிக்குகிறதென்று அதையும் கழற்றி எறிந்துவிட்டான்.

"கொண்டா மாப்ள, நான் தோண்டுறேன்," என்று இவர் போனார். வீட்டில் துரும்பைக்கூட நகர்த்தாத மனுஷன்.

"நீங்க சும்மா இருந்தாலே பெரிய உதவிங்க," என்றேன்.

சும்மா இருக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தோண்டலாமே என்றார். மழை வருகிற மாதிரி இருக்கிறதே என்றார். வானம் பளிச்சென்று கிடந்தது. தம்பி குத்தக் குத்தப் பள்ளம் துணிக்கொடி கட்டியிருக்கிற கம்பை நெருங்கியது. அவருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. நெஞ்சுவலியை மறைக்கிறாரோ என்று நினைத்தேன்.

கம்புக்குப் பக்கத்தில் வந்ததும் தம்பி கடப்பாரையைத் தூக்கினான். இவர் பள்ளத்துக்குள் குதித்து, அவன் குத்தப்போகிற இடத்தில் இரண்டு காலையும் வைத்து நின்றுவிட்டார்.

"மாமா, நகருங்க. கால்ல பட்டுடும்."

"குத்தாத."

"ஏன்?"

மறுபடி என்னைப் பார்த்தார். "நீ கொஞ்சம் உள்ள போயேன். அடுப்புல ஏதோ கருகுது."

"அடுப்பே பத்த வைக்கலைங்க."

"போம்மா. சொன்னா கேளு."

"போகமாட்டேன். எதுவா இருந்தாலும் என் முன்னாடி சொல்லுங்க."

தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. "மதியத்துக்குள்ள கேபிளை இறக்கணும் மாமா, விளையாடாதீங்க," என்று அவர் காலுக்கு அரையடி தள்ளி ஓங்கினான். இவர் பாய்ந்து கடப்பாரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அடியில குறுக்க ஒயர் போகுது மாப்ள. கரண்ட் ஓடுது."

"மெயினை அணைச்சாச்சு மாமா."

"மெயினுக்கு முன்னாடி எடுத்தது."

தம்பி கடப்பாரையைத் தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பதுபோல மெதுவாக வெளியே வைத்தான். மாமாவின் கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டுத் தானும் ஏறினான். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, கரையில் உட்கார்ந்து, ஒரு மரக்குச்சியால் மண்ணைக் கிளறினான். கறுப்பு ஒயர், மேலே குழாய்கூட இல்லாமல் கிடந்தது. ஓரிடத்தில் உறை வெடித்துச் செம்பு தெரிந்தது. டெஸ்டரை வைத்தான். அதில் விளக்கு எரிந்தது.

"எனக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கு மாமா," என்றான். "அன்னிக்கு அவ்வளவு தெளிவா கேட்டேனே."

"உங்கக்கா பக்கத்துல உக்காந்திருந்தாளே."

தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். அதை என்னால் தாங்க முடியவில்லை. பிறகு லைனைத் துண்டிக்கச் சொல்லி மின்வாரியத்துக்குப் பேச, செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

என் கண்ணெதிரே என் கூடப்பிறந்தவன் கருகி விழுந்திருப்பான். கடைசி நொடிவரை இந்த மனுஷன் ஒரு தட்டில் அவன் உயிரையும் இன்னொரு தட்டில் என் கத்தலையும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏங்க," என்றேன். மெதுவாகத்தான் கேட்டேன். "என்கிட்ட அவ்வளவு பயமா உங்களுக்கு?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று நின்றேன். கையிலிருந்த சேற்றை வேட்டியில் துடைத்தார். வாயைத் திறப்பதற்கு முன்னால், நான் கோபமாக இருக்கிறேனா என்று என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார்.